சின்னக் கால்களுக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு

இரண்டு வயதுப் பிள்ளையை யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அது மதிலின் உயரத்தைப் பார்க்காது. கல்லிடுக்கில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானைத்தான் பார்க்கும். 1618இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு. ஓணானுக்கு முன்னால் கால் மணித்தியாலம் பேசாமல் நிற்க அம்மாவும் அப்பாவும் ஆயத்தமென்றால் அந்தப் பயணம் நல்ல பயணம். ‘இன்னும் நாலு இடம் பார்க்கவேண்டும், வா’ என்று கையைப் பிடித்து இழுத்தால், அடுத்த அரை மணித்தியாலத்துக்குள் எல்லாரும் அழுகைச் சத்தத்தோடு வாகனத்தில் இருப்பார்கள்.

இந்த அத்தியாயம் ஒரு வயது முதல் நாலு வயது வரையான பிள்ளைகளோடு குடாநாட்டில் சனி, ஞாயிறை ஆறுதலாகக் கழிக்க விரும்புகிறவர்களுக்கானது. லீவில் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்து நிற்பவர்களுக்கும், கோண்டாவிலிலோ கரவெட்டியிலோ இருந்துகொண்டே கிழமை முழுக்க வேலைக்கு ஓடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். சொல்ல வருவது ஒன்றுதான்: குறைய இடங்களுக்குப் போங்கள், போன இடத்தில் கூட நேரம் நில்லுங்கள்.

குடாநாட்டின் அளவு ஒரு வசதி

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. வார இறுதியைத் திட்டமிட அதில் மூன்று விடயங்கள் உதவும். ஒன்று, பிள்ளையை ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கையிலோ தள்ளுவண்டியிலோ கட்டி வைக்கக் கூடாது. இரண்டு, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாள் முழுவதிலுமாக 180 நிமிடமாவது உடலசைவு வேண்டும். மூன்று, ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலமும், மூன்று நாலு வயதில் 10 முதல் 13 மணித்தியாலமும் தூங்கவேண்டும்.

இதைக் குடாநாட்டு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய 18 கிலோமீற்றர், காரைநகர் கசூரினாக் கடற்கரை 20 கிலோமீற்றர் அளவு, பருத்தித்துறை 33 கிலோமீற்றர் அளவு. எந்தக் கரைக்குப் போனாலும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கும். ஒரே நாளில் இரண்டு கரைகளைத் தொட வெளிக்கிட்டால்தான் கணக்குப் பிழைக்கும்.

ஆகவே நாளை மூன்றாகப் பிரியுங்கள்.

காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை பெரிய வெளிக்கிடல். கடலோ ரயிலோ தூரத்துக் கோயிலோ இந்த நேரத்துக்கு உரியது.

பத்து மணி முதல் நாலு மணி வரை வீடு. குளிப்பு, சாப்பாடு, தூக்கம், நிழலில் விளையாட்டு. யாழ்ப்பாணத்து உச்சி வெயில் பெரியவர்களையே களைக்கவைக்கும். சின்ன உடம்பு அதைவிடச் சீக்கிரம் சூடேறும்.

நாலரை முதல் ஆறரை வரை சின்ன வெளிக்கிடல். வீட்டிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் போகக்கூடிய இடமாக இருக்கட்டும்.

நேரங்கள் அரை மணித்தியாலம் முன்பின் ஆகலாம். நடுப்பகல் தூக்கத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அது தவறினால் பின்னேரமும் போகும், இரவும் போகும்.

வெள்ளி இரவே பையைக் கட்டுங்கள்

காலையில் ஆறரைக்கு வெளிக்கிட வேண்டுமென்றால் தேடுகிற வேலை எதையும் காலைக்கு வைக்கக் கூடாது. ஒரு பை போதும். அதற்குள்:

- கடையில் வாங்கிய அல்லது சுத்திகரித்த தண்ணீர் இரண்டு போத்தல், குடிப்பதற்கு மட்டும். கால் கழுவ வேறு ஒரு பெரிய போத்தல்.
- இரண்டு சோடி மாற்றுடுப்பு, ஒரு துவாய், ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டு. சேலைத் துண்டு நிழலுக்கும் உதவும், விரிக்கவும் உதவும், தூங்கினால் போர்க்கவும் உதவும்.
- பம்பேர்ஸ், ஈரத் துடைப்பான், பாவித்ததைக் கட்டிக்கொண்டு வர இரண்டு பொலித்தீன் பை. கடற்கரைகளில் குப்பைத்தொட்டி இருக்குமென்று நம்பிப் போகவேண்டாம்.
- தொப்பி, நுளம்புக்குப் பூசும் களிம்பு, சின்னக் காயத்துக்கு மருந்தும் துணியும், ஒரு பொதி ஜீவனி.
- சின்ன வாளி, ஒரு சிரட்டை, ஒரு கரண்டி. விலை கூடிய விளையாட்டுச் சாமான் எதுவும் தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தள்ளுவண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவது நல்லது. கோயில் வீதியிலும் கடற்கரையிலும் மணலில் அது உருளாது, ஒழுங்கைகளிலும் சரிப்படாது. பிள்ளையை உடம்போடு கட்டும் பட்டி இருந்தால் கொண்டு வாருங்கள்.

சனி காலை: அலை குறைந்த கடல்

பிள்ளையோடு கடலுக்குப் போக விரும்புகிறவர்களுக்குக் குடாநாட்டில் முதலிடம் கசூரினாவுக்குத்தான். பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து காரைநகருக்குள் போனால் வடகரையில், சவுக்கு மரங்களுக்குக் கீழே மணல் பரந்து கிடக்கும். தண்ணீர் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாமல் இருக்கும். சவுக்கு நிழல் கரைக்கு மிகக் கிட்ட இருப்பது இன்னொரு வசதி. பாயை மர நிழலில் விரித்துவிட்டுப் பிள்ளையோடு பத்து அடி நடந்தால் கடல்.

அங்கே என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். ஈரமணலில் பிள்ளையை நிற்க விடுங்கள். அலை பின்வாங்கும்போது பாதத்துக்குக் கீழே மணல் இழுபடும். முதல் தடவை பிள்ளை பயந்து உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும், இரண்டாந்தரம் கீழே குனிந்து பார்க்கும், மூன்றாந்தரம் சிரிக்கும். பிறகு கரையோரத்தில் நண்டு வளைகள். வளை வாயில் உருட்டிப் போட்ட மணல் உருண்டைகளைச் சிரட்டையால் அள்ளிக் கொட்டுகிற வேலையில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் போவது தெரியாது. ஏழு மணிக்குப் போய் ஒன்பதுக்குத் திரும்புங்கள். பத்து மணிக்குப் பிறகு, விடுமுறை நாட்களில் முக்கியமாக, சனமும் பாட்டுச் சத்தமும் கூடிவிடும்.

நகரத்துக்கு இன்னும் கிட்டவென்றால் வேலணைச் சாட்டிக் கடற்கரை. பண்ணைத் தாம்போதியால் போகும்போது இரண்டு பக்கமும் பரவைக்கடல். களங்கண்டி வலைகளும், தடிகளில் குந்தியிருக்கும் நீர்க்காகங்களும், தண்ணீருக்குள் நிற்கும் கொக்குகளும் பிள்ளைக்கு வழிநெடுகக் காட்சி. ‘கொக்கு எங்க?’ என்று கேட்டுக்கொண்டே போனால் பயணமே விளையாட்டாகும்.

அலை குறைந்த கடலும் கடல்தான். ஆழம் குறைவென்று பெரியவர்கள் கரையில் இருந்துகொண்டு பிள்ளையைத் தண்ணீரில் விடக் கூடாது. பிள்ளை தண்ணீரில் நிற்கும் நேரமெல்லாம் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், கைத்தொலைபேசியை வைத்துவிட்டு நிற்கவேண்டும். அது யாருடைய முறை என்பதைப் போகும்போதே பேசி முடிவு செய்யுங்கள். ஐந்து பெரியவர்கள் கூடி நிற்கும்போதுதான் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். சொறிமீன் மிதக்கும் நாட்களில் தண்ணீரில் இறக்காமல் மணலோடு நிறுத்துங்கள். ஊர் மீனவர் ஒருவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

மத்தியானம்: வளவும் கிணறும்

வீட்டுக்கு வந்ததும் குளிப்பு. காலையிலேயே ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுப் போயிருந்தால் திரும்பும்போது இளஞ்சூடாக இருக்கும். பிள்ளையை அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கோப்பையால் தானே அள்ளி வார்க்க விடுங்கள். கடலுப்பும் மணலும் போகும், அதுவே இன்னொரு விளையாட்டும் ஆகும். குளித்து, சாப்பிட்டு, உறங்குகிற ஒழுங்கு நாளாந்தம் வீட்டில் எப்படியோ அப்படியே இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து வளவு பிள்ளைக்குச் சொர்க்கம். மாமர நிழல், கோழி, ஆடு, விழுந்து கிடக்கும் குரும்பட்டி, ஓலை. அந்த வளவுக்குள்தான் கிணறும் இருக்கிறது. வற்றாத ஆறு எதுவுமில்லாத சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு உயரமில்லை, சிலவற்றுக்குக் கட்டே இல்லை. எந்த வீட்டில் தங்கினாலும் பெட்டியை இறக்கும் முன் செய்யவேண்டியவை மூன்று. கிணறு எங்கே, கட்டு எவ்வளவு உயரம் என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டோடு சேர்த்து வைத்திருக்கும் வாளி, கல், உரல், கதிரை போன்ற, பிள்ளை ஏறி நிற்கக்கூடிய எல்லாவற்றையும் அகற்றுங்கள். இரும்பு வலையோ பலகையோ போட்டு மூடமுடியுமா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அந்த நினைவு அவர்களுக்கு இல்லாமல் போயிருக்கும். நிரப்பி வைத்த அண்டாவும் தொட்டியும்கூட ஆபத்துத்தான். குளிப்பு முடிந்ததும் கவிழ்த்து விடுங்கள், வெயிலில் வைக்கும்போது பிள்ளை தனியே போகமுடியாத இடத்தில் வையுங்கள்.

குடிக்கும் தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர் பற்றி இன்னொரு விடயம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் நெருக்கமாகச் செய்கிறார்கள். தோட்டத்துக்குப் போடும் பசளையின் மிச்சம் மழையோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல் இடுக்குகளால் நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதனால் கூடுதல் ஆபத்து ஆறு மாதத்துக்குட்பட்ட, மாப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆகவே கைக்குழந்தையின் மாப்பாலுக்குப் போத்தல் தண்ணீரோ நைத்திரேற்றை அகற்றும் முறையில் சுத்திகரித்த தண்ணீரோ பாவியுங்கள். நடைபழகும் பிள்ளைக்கும் அதையே கொடுப்பது நல்லது. குளிக்கவும் துவைக்கவும் கிணற்றுத் தண்ணீர் தாராளம்.

சனி பின்னேரம்: நல்லூரடி அல்லது பூங்கா

தூங்கி எழும்பிப் பால் குடித்தோ பழம் சாப்பிட்டோ முடிந்தபின் நாலரைக்கு வெளிக்கிட்டால் நல்லூரடி. கோயிலைச் சுற்றிய வீதி மணல், வெயில் தாழ்ந்த நேரத்தில் பிள்ளைக்கு நல்ல ஓடுகளம். கோயிலுக்குள் போவதானால் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும், சின்னப் பெடியன்களும்தான். மணிச்சத்தத்தைச் சில பிள்ளைகள் விரும்பும், சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழும். அழும் பிள்ளையோடு உள்ளே நின்று போராடாமல் ஒருவர் வெளிவீதிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெளியே நின்று கோபுரத்துப் புறாக்களைப் பார்ப்பதும் கோயிலுக்கு வந்ததுதான். பிறகு பக்கத்து ஐஸ்கிறீம் கடைகளில் ஒன்றில் ஒரு கிண்ணம் வாங்கி மூன்று பேருக்குப் பங்கு.

ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழா நடக்கும்போது வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். அது நடைக்கு நல்லது, சனம்தான் அதிகம். அந்த நாட்களில் தேர், சப்பறம் போன்ற பெருந்திருவிழாக்களைத் தவிர்த்து, தொடக்க நாட்களில் காலையில் போங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டொன்றை வையுங்கள். கச்சான் கடைகளில் கச்சான் வாங்குங்கள், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்; காரணம் கீழே வருகிறது.

கோயில் வேண்டாமென்றால் நகரத்து நூலகத்துக்குக் கிட்ட சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. கண்டி வீதியில், அரசாங்க அதிபராக இருந்த டைக் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய பழைய பூங்காவின் முதிய மரங்களும் நிழலும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை. பண்ணைக் கரையோரம் பின்னேரக் காற்று வாங்க நல்ல இடம். கரைக் கட்டில் பிள்ளையைத் தனியே ஏறவிடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாழ் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு, திருத்திக் கட்டி 2004இல் மீண்டும் திறக்கப்பட்ட இடம். மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த வெள்ளைக் கட்டடத்தையும் முன்னாலுள்ள சரஸ்வதி சிலையையும் காட்டி, ‘பெரிய பிள்ளையானதும் இஞ்ச வந்து புத்தகம் வாசிப்பம்’ என்று சொல்லிவைப்பது நல்ல தொடக்கம்.

ஞாயிறு காலை: ரயில்

1990இல் நின்றுபோன வடக்கு ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்ப வந்தது. இப்போது யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ரயில் நிலையங்கள். சின்னப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ரயில் பயணம் நாட்டிலேயே குறைவு: தூரம் கொஞ்சம், சன்னலுக்கு வெளியே பனை, தோட்டம், மாடு, ஒழுங்கைக் கடவையில் நிற்கும் சைக்கிள்கள்.

வண்டி நேரங்கள் மாறுவதால் முதல்நாளே ரயில் நிலையத்தில் கேட்டு வையுங்கள். ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் ஓட்டோ என்று வைத்தால் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம். உங்களுக்கு வசதியான நேரத்தில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி இல்லாவிட்டால், கிட்டவுள்ள நிலையத்தில் மேடையின் பின்பக்கமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று ரயில் வந்து போவதைக் காட்டுவதே ஒரு காலைக்குப் போதும். சத்தம் பெரிது, முதலே சொல்லி வையுங்கள். தடுப்பில்லாத கடவைகளில் பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டே கடக்கவேண்டும்.

காங்கேசன்துறைப் பக்கம் போனால் கீரிமலையும் கிட்ட. கடலோரத்திலேயே நன்னீர் ஊறும் கேணிகள், பக்கத்தில் நகுலேஸ்வரம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. கேணி ஆழமானது, படி பாசி பிடித்து வழுக்கும். பிள்ளையைக் கேணிக்குள் இறக்காமல், படியிலிருந்து எட்டத்தில் நிறுத்தி வாளியால் அள்ளி வார்த்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் தலையில் விழ அது கத்துகிற சந்தோசத்துக்கு அந்த ஒரு வாளி போதும்.

திரும்பும் வழியில் மருதனார்மடத்தில் பெரிய ஆஞ்சநேயர் சிலை. வாகனத்தை விட்டிறங்கி ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்க்க வையுங்கள். தொடர்ந்து சந்தைக்குள் ஒரு சுற்று: கத்தரிக்காய், கரட், முருங்கைக்காய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லலாம். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகும் குடும்பங்கள் அதையே ஞாயிறு காலையின் பெரிய வெளிக்கிடலாக வைத்து, ரயிலை அடுத்த முறைக்கு விடட்டும்.

வடமராட்சியில் தங்கினால்

இதே ஒழுங்கு அங்கேயும் பொருந்தும். காலையில் வல்லிபுரத்து மணல். காலைக்குப் பிறகு அந்த மணல் சுடும் என்பதால் ஏழு மணிக்கே போய்விடுங்கள். மணற்காட்டு மணல் மேடுகளில் பிள்ளை ஏறி உருண்டு விளையாடலாம். கடலுக்குள் மட்டும் இறக்காதீர்கள்: கிழக்குக் கரை திறந்த கடல், அலை பெரிது, கசூரினாவை நினைத்துக்கொண்டு அங்கே நிற்கக் கூடாது. பின்னேரம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. ஆற்றங்கரையில் பிள்ளையின் கையை விடாதீர்கள். கோயிற் சூழலில் மடங்களின் அன்னதானச் சோறும் பருப்பும் பிள்ளைக்கும் ஒத்துவரும்.

தைப்பொங்கலை ஒட்டி வந்தால் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா. வாடைக் காற்றில் எழும் பெரிய பட்டங்களைத் தூரத்தில் நின்று பார்க்கலாம். சனத்துக்குள்ளும் நூலுக்குக் கிட்டவும் பிள்ளையைக் கொண்டு போகவேண்டாம். வளவிலேயே ஒரு சின்ன வால் பட்டம் கட்டிக் கையில் கொடுத்தால் அது இழுத்துக்கொண்டு ஓடும்.

சாப்பாடு

எங்கள் சமையலில் சின்னப் பிள்ளைக்கு ஏற்றது ஏராளம். பால்ச்சொதியோடு இடியப்பம், பழத்தோடு பிசைந்த பிட்டு, பருப்பும் சோறும், அவித்த முட்டை, முள் பார்த்து எடுத்த மீன். உறைப்பு போடமுன் பிள்ளையின் பங்கை எடுத்து வைத்தால் தனிச் சமையல் தேவையில்லை. வழியில் பசித்தால் இதரை, கதலி, கப்பல் என்று எந்த வாழைப்பழமும் கைகண்ட மருந்து. வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். நுங்குக் காலத்தில் நுங்கை வழுக்கித் தொண்டைக்குள் போகாதபடி நசித்துக் கரண்டியால் கொடுங்கள்.

தொண்டையில் சிக்கக்கூடியவற்றை வீட்டார் எல்லாருக்கும் முதலே சொல்லிவைக்க வேண்டும். பாசத்தில் பிள்ளையின் வாயில் எதையாவது வைப்பது எங்கள் வழக்கம். ஐந்து வயது வரை முழுக் கச்சான் வேண்டாம். பருத்தித்துறைத் தட்டை வடை, முறுக்கு, கடலை போன்ற கடினமானவையும் வேண்டாம். முந்திரிகைப் பழத்தை நீளப்பாட்டில் நாலாக வெட்டிக் கொடுங்கள். றம்புட்டானைக் கொட்டையோடு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு வைக்கவும் வேண்டாம். ஒடியற் கூழ் பெரியவர்களுக்கு. அதன் உறைப்பும் நண்டு ஓடும் முள்ளும் பிள்ளைக்கு ஆகாது.

எதில் போவது

ஊரில் பலர் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் முன்னால் நிறுத்தியோ இருவருக்கு நடுவில் இருத்தியோ கொண்டு போகிறார்கள். திடீரென்று பிறேக் பிடித்தால் முன்னால் நிற்கும் பிள்ளைதான் முதலில் அடிபடும். பின்னால் இருக்கும் தாயின் சேலையும் பிள்ளையின் காலும் சில்லுக்குள் சிக்கும். கூடுதல் செலவானாலும் இந்த இரண்டு நாளுக்கு ஓட்டோவோ காரோ பிடியுங்கள். காரில் போகிறவர்கள் பிள்ளை இருக்கையைப் பூட்டுங்கள். ஓட்டோவில் பிள்ளையை நடுவில் இருத்தி இரண்டு பக்கமும் பெரியவர் இருங்கள். பழக்கமான சாரதி ஒருவரை வைத்துக்கொண்டால் திரும்பும் நேரத்தை முதலே பேசிவிடலாம். பஸ்ஸும் நல்லதுதான், காலை ஏழுக்கு முன் இருக்கை கிடைத்தால்.

காற்றும் மாதமும்

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை மழை. வடகரைக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கசூரினாவில் தண்ணீருக்குள் இறக்கவேண்டாம். மழை நின்ற கையோடு நுளம்பும் டெங்குவும் கூடும். நீளக் கைச்சட்டை, காலையிலும் பின்னேரத்திலும் களிம்பு, பகல் தூக்கத்துக்கும் நுளம்பு வலை. தை, மாசி, குளிர்ச்சியும் வெயிலும் அளவாக இருக்கும் மாதங்கள்; வெளிக்கிட மிகவும் நல்லவை. பரவைக்கடலோரங்களில் பூநாரைகளைக் காணும் வாய்ப்பும் உண்டு. பங்குனியிலிருந்து வெயில் ஏறும். அந்த மாதங்களில் காலை வெளிக்கிடலை எட்டரைக்கே முடித்துவிடுங்கள். சோளகம் வீசும் காலத்தில் வடகரை அமைதியாக இருக்கும். சாட்டிப் பக்கம் காற்று அடிக்கும்.

இந்த வயதில் விடவேண்டியவை

நெடுந்தீவு, நயினாதீவு இரண்டையும் பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை தள்ளிவையுங்கள். குறிகாட்டுவான் வரை போய், படகுக்குக் காத்திருந்து, படகில் ஆடி, வெயிலில் சுற்றித் திரும்புவதற்குள் பிள்ளையின் தூக்கம், சாப்பாடு இரண்டும் குழம்பிவிடும். நயினைக்கு நேர்த்தி இருந்தால் அந்த நாளில் வேறொன்றும் வைக்காமல் முதற் படகிலேயே போங்கள். பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள். நிலாவரைக் கிணற்றைப் பெரியவர்கள் பார்க்க விரும்பினால் ஒருவர் பிள்ளையோடு வெளியே மர நிழலில் நிற்கட்டும்.

உறவினர் வீடுகள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுடைய வார இறுதியைக் கரைப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு பெரியம்மா வீடு, இரண்டு மாமா வீடு, ஒவ்வொன்றிலும் சோடா, கேக், ‘பிள்ளை மெலிஞ்சு போச்சு’ என்ற கவலை. இதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஒரு பின்னேரத்துக்கு ஒரு வீடு என்று வையுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மரியாதையோடு நேரத்தை மாற்றலாம்: ‘மாமி, அது பிள்ளை படுக்கிற நேரம். பின்னேரம் நாலரைக்கு வாறம், தேத்தண்ணி மட்டும் வையுங்கோ.’ பிள்ளை வளர்த்த மாமிக்கு இது விளங்கும். கொஞ்சவோ தூக்கவோ பிள்ளை மறுத்தால் கட்டாயப்படுத்தவேண்டாம். கொஞ்ச நேரம் உங்கள் மடியில் இருந்து பார்த்துவிட்டுத் தானாக இறங்கிப் போகும்.

அம்மம்மா, அப்பப்பா இருக்கிற வீடென்றால் ஒரு பின்னேரத்தை முழுதாக அவர்களிடம் விடுங்கள். எங்கும் போகவேண்டாம். அப்பப்பா கோழிக்குத் தீன் போடும்போது பிள்ளையும் ஒரு பிடி எறியட்டும். அம்மம்மா முருங்கையிலை உருவும்போது பிள்ளையும் உருவட்டும். ஞாயிறு பின்னேரத்துக்கு இதைவிட நல்ல திட்டம் இல்லை. திங்கட்கிழமைக்கு முதல் எல்லாருக்கும் ஆறுதலும் கிடைக்கும்.

அவசரமென்றால்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பொலிஸ் 119. யாழ் போதனா வைத்தியசாலை நகர மத்தியில். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள். போகும் பக்கத்துக்குக் கிட்டியது எது என்று வெளிக்கிட முதலே பார்த்து வையுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கையோடு கொண்டு போங்கள். தடுப்பூசி விபரமும் நிறையும் அதில் இருப்பதால் வைத்தியர் மருந்தளவைத் தீர்மானிக்க உதவும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கேற்ற அளவில். டெங்குவாக இருக்கலாம் என்பதால் இபுபுறூபன், அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினாலோ, பிள்ளை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒரு மாதிரித் திட்டம்

- வெள்ளி இரவு: பை கட்டல், ஓட்டோவுக்குச் சொல்லல், ரயில் நேரம் கேட்டல்.
- சனி 6.30: கசூரினா. 9க்குத் திரும்பல்.
- சனி 10 முதல் 4: குளிப்பு, சோறு, தூக்கம், மாமர நிழல்.
- சனி 4.30: நல்லூரடி, ஐஸ்கிறீம். 6.30க்கு வீடு.
- ஞாயிறு காலை: ரயில் ஒரு பக்கம், சந்தை, மருதனார்மடம், ஓட்டோவில் வீடு.
- ஞாயிறு பின்னேரம்: அம்மம்மா வீட்டு வளவு, வேறொன்றும் இல்லை.

மழை பெய்தால் வெளிக்கிடலை விட்டுவிட்டு விறாந்தையில் பாயை விரியுங்கள். கடதாசிக் கப்பல் செய்து முற்றத்து வெள்ளத்தில் விடுவது, பாத்திரங்களைக் கவிழ்த்துக் கொட்டுவது, குரக்கன் மாவைப் பிசைந்து கொடுப்பது எல்லாம் ஒரு காலையை நிரப்பும். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் முதல் தெரிவாக வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குப் பிறகும் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட வேண்டாம் என்பதுதான் அந்த 2019 வழிகாட்டலின் பரிந்துரை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்கிறது.

ஞாயிறு இரவு பிள்ளை உறங்கியபின் ஐந்து நிமிடம் இருந்து பேசுங்கள். எந்த இடத்தில் அது கூட நேரம் நின்றது, எந்த இடத்தில் அழுதது, எந்த நேரத்தில் பசித்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை புதிய இடம் தேடாமல், அது கூட நேரம் நின்ற இடத்துக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வயதுப் பிள்ளை திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் ஒரு கடலை, ஒரு மரத்தை, ஒரு கோயில் வீதியைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. எங்கள் ஊர் அந்தப் பிள்ளைக்கும் ஊராகவேண்டுமென்றால் அதற்கு வழி இதுதான்.